தோட்டத்து நரியும் நால்வகைத் தானமும்

பிரிட்டன் நாட்டு நகரங்களில், ஊரடங்கிய பின் விளக்கை அணைத்துவிட்டுப் பின்புறத் தோட்டத்தை நோக்கிய சாளரத்தருகே அமர்ந்திருப்போர் பலர் காணும் காட்சி ஒன்று உண்டு. வேலியின் அடியிலுள்ள சிறு இடைவெளி வழியே செந்நரி ஒன்று உள்ளே நுழைகிறது. எடை ஐந்து முதல் ஏழு கிலோவுக்கு மேல் இராது. பெரிய வீட்டுப் பூனையைக் காட்டிலும் சற்றே பெரிய உடல். கால்கள் கரியவை, அடர்ந்த வாலின் நுனி வெண்மை. புல்வெளியின் நடுவே வாராமல் ஓரமாகவே நடந்து, நின்று, செவியைத் திருப்பி, மீண்டும் நடந்து அண்டை வீட்டுத் தோட்டத்துக்குள் மறைகிறது.

லண்டன், லெஸ்டர் முதலிய நகரங்களில் ஜைனக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கல்வி, தொழில் நிமித்தமாக நம்மவர் பிள்ளைகளும் அங்குச் செல்கின்றனர். காட்டுயிர் ஒன்று தானாகவே வீட்டுக் கொல்லைக்கு வரும்போது இல்லறத்தார் அதற்குச் செய்யத்தக்கது யாது என்னும் வினா அவர்களுக்கு எழுவது இயல்பே. உணவிடலாமா? நோயுற்றிருந்தால் மருந்திடலாமா? அன்றி வாளாவிருத்தலே தக்கதா? ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நாம் கூறும் நால்வகைத் தானங்களுள் எது நரிக்கு ஏற்றது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நம் நாட்டில் பொதுவாக நரி என்று வழங்கப்பெறுவது ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய இனமாகிய, ஊளையிடும் விலங்கு. வறண்ட சமவெளிகளில் வாழும் சிறிய குள்ளநரி வேறு; அதன் வால் நுனி கறுப்பு. பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றிச் சொல்வோர் உளர். பிரிட்டனின் செந்நரியோ அக்குள்ளநரிக்கு உறவினம். அது நம் நரியைப் போல் கூட்டமாக ஊளையிடுவதில்லை, குரைக்கும், அலறும்.

நம் நூல்களில் நரிக்கு இடம் உண்டு. சீவக சிந்தாமணி இயற்றிய திருத்தக்கதேவர் அதற்கு முன் நரிவிருத்தம் பாடினார் என்பது நாம் அறிந்த மரபு. யானையும் வேடனும் பாம்பும் இறந்து கிடக்கக் கண்ட நரி, அவற்றைப் பின்னர் உண்ணலாம் எனச் சேமித்து வைத்து, முதலில் வில்லின் நாணைக் கடித்து மாண்ட கதை அதில் வருவது. இரவுணவைத் துறந்த நரியின் கதையையும் பெரியோர் கூறுவர். முனிவர் ஒருவரிடம் அவ்விரதம் ஏற்ற நரி, நீர் பருகக் கிணற்றுள் இறங்கியபோது அங்கு இருள் கண்டு இரவாயிற்று என எண்ணி, நீரைத் தொடாமலே மேலேறி, தாகத்தால் இறந்து, மறுபிறவியில் ப்ரீதிங்கரனாகப் பிறந்தது என்பது அக்கதை. ஐம்பொறியும் மனமும் உடைய விலங்குயிர், விரதம் ஏற்கும் அளவுக்கு உயரக்கூடும் என்பது ஜைனத்தின் துணிபு. தோட்டத்துக்கு வருவது அத்தகைய உயிர் என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

செந்நரி நகருக்குள் வந்த வரலாறு நூறாண்டுக்கு உட்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், சிறப்பாக 1930களில், தெற்கு இங்கிலாந்தின் நகரங்களைச் சுற்றிப் பெரிய தோட்டங்களுடன் கூடிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நரி வாழ்ந்த நிலத்தின் மீது மனிதர் வந்து குடியேறினர். நரி அங்கேயே தங்கிப் பழகிக்கொண்டது. நரி நம் வீட்டுக்குள் புகுந்தது என்று பேசுவோர் இதனை நினைத்தல் நலம். பின்னர் உள்ளாட்சி மன்றங்கள் பல ஆண்டுகள் அதனைக் கொன்று குறைக்க முயன்றன, பயன் விளையவில்லை. ஒரு நரி இறந்தால் அதன் எல்லைக்குள் விரைவிலேயே மற்றொன்று வந்து சேர்ந்தது.

இனி, அது தோட்டத்தில் செய்வது என்ன? பொறுமையுடன் நோக்குவார்க்கு இது சுவை மிக்க பாடம். மழை பெய்து ஓய்ந்த வெதுவெதுப்பான இரவில் மண்புழுக்கள் புல்வெளியின் மேல் வரும். நரி மெல்ல நடந்து, புழு புல்லில் உரசும் ஓசையைச் செவியால் அறிந்து, மூக்கைப் புல்லில் நுழைத்துப் பற்றும். உடனே இழுத்தால் புழு அறுந்துவிடும். ஆதலால் பல்லால் பிடித்தவாறே சற்று நின்று, விறைப்புக் குறையாமல் பிடித்திருந்து, புழுவின் பிடி தளர்ந்தபின் வெளியே எடுக்கும். ஆக்ஸ்போர்டு அருகே இரவுகளில் நரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த டேவிட் மக்டொனால்டு இதனை விரிவாக எழுதியுள்ளார். வண்டு, எலி, பறவை ஆகியவற்றோடு உதிர்ந்த ஆப்பிளும் முட்செடிப் பழங்களும்கூட அதன் உணவே.

மிஞ்சிய உணவை அது புதைத்து வைக்கும். முன்காலால் சிறு குழி தோண்டி, ஒரு பொருளை இட்டு, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடி, வேறோர் இடத்தில் மற்றொன்றைப் புதைக்கும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வையாது. 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான நிக்கோ டின்பர்கன், வடமேற்கு இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் மணற்குன்றுகளில் நரிகள் கடற்காக்கை முட்டைகளை இவ்வாறு புதைத்து வைத்து, நாட்கள் பல கழித்து மீண்டும் தோண்டியெடுத்ததை ஆராய்ந்தார். நரிவிருத்தத்து நரியின் சேமிப்பு எண்ணம் வெறுங்கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

சனவரி மாதத்துக் குளிரில் பெண்நரியின் அலறல் கேட்கும். யாரோ ஒரு பெண் ஆபத்தில் கதறுகிறாள் எனக் காவல் துறைக்குச் சொல்லி அனுப்பினோரும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ மூன்று நாட்களே அது கருக்கொள்ளும் காலம். ஐம்பத்திரண்டு நாள் கருச்சுமந்து, மார்ச்சு நடுவில், பெரும்பாலும் தோட்டத்து மரக்கொட்டகையின் அடியில் நான்கு அல்லது ஐந்து குட்டிகளை ஈனும். நரியின் இளமைப் பெயர் குருளை எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். பிறந்த குருளைக்குக் கண்ணும் திறவாது, செவியும் கேளாது. நிறம் சாக்கலேட் போன்ற கரும்பழுப்பு. முதலில் நீலமாக இருக்கும் கண்கள் ஒரு மாதத்துக்குப் பின் பொன்னிறமாகும். ஏப்பிரல் இறுதியில் அவை வெளியே வந்து விளையாடும். பந்து, கையுறை, காலணி எதுவாயினும் விளையாட்டுப் பொருளே. ஜெர்மனியின் ஃபோரன் என்னும் ஊரில் 2009இல் நூற்றுக்கும் மேற்பட்ட காலணிகளை ஒரு நரி தன் இருப்பிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. கொடாததைக் கொள்ளாமை என்னும் அணுவிரதத்தை நரிக்கு யாரும் உபதேசிக்கவில்லை போலும்!

இவற்றைக் கண்டு உள்ளம் கனிந்தோர் முதலில் நினைப்பது உணவிடுதலை. பிரிஸ்டல் நகரில் 1970களின் பிற்பகுதி முதல் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ஹாரிசும் அவர்தம் குழுவினரும் நரிகளை இடைவிடாது ஆராய்ந்து வந்தனர். அங்கு நரிகள் உண்ட உணவில் பெரும்பங்கு வீட்டார் வேண்டுமென்றே வைத்தது. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் ஆராய்ந்த பகுதியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வளர்ந்த நரிகள் இருந்தன. மிகுந்த உணவு மிகுந்த நெருக்கத்தை உண்டாக்கிற்று.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நரியின் இயல்புணவில் ஊன் பெரும்பகுதி. அதனை விலைக்கு வாங்கி வைத்தல் ஜைன இல்லத்தார்க்கு ஆகாது. எனவே ரொட்டியும் பிஸ்கோத்தும் வைக்க முற்படுவர். ஆனால் இதனினும் பெரிய சிக்கல் வேறொன்று. தத்துவார்த்த சூத்திரத்தில் கொல்லாமை விரதத்துக்குக் குற்றங்கள் ஐந்து கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஐந்தாவது குற்றம் நம்மைச் சார்ந்து வாழும் உயிர்களைப் பற்றியது. காட்டு நரிக்கு உணவிடாதிருத்தல் அக்குற்றம் ஆகாது. அது நம்மைச் சார்ந்ததன்று. நாமோ ஓராண்டு நாள்தோறும் உணவு வைத்து, அதன் எல்லையைச் சுருக்கி, தாய்நரி நம் தட்டை நம்பிக் குருளைகளை வளர்க்கும் நிலைக்குக் கொணர்ந்த பின், விடுமுறைக்கு ஊர் சென்றுவிட்டால் என்ன ஆகும்? அதுவரை இல்லாத சார்பை உண்டாக்கி, பிறகு உணவைத் தடுத்தவர் நாமே ஆகிறோம். தானம் எனத் தொடங்கியது விரதக் குற்றமாக முடிகிறது. என் கருத்தில் தோட்டத்து நரிக்கு ஆகாரதானம் வேண்டுவதில்லை. கோடையில் ஓர் அகன்ற கலத்தில் நீர் வைத்தல் போதும். அதனைப் பறவையும் முள்ளெலியும்கூடப் பருகும்.

ஔஷததானம் இன்னும் கடினமான பகுதி. 1994ஆம் ஆண்டு இளவேனிலில் பிரிஸ்டல் நரிகளிடையே சொறிநோய் புகுந்தது. மனிதர்க்குச் சிரங்கு உண்டாக்கும் பூச்சியின் இனத்தைச் சார்ந்த நுண்ணிய பூச்சி தோலுக்குள் துளைத்துச் சென்று முட்டையிடும். வாலும் பின்தொடையும் முதலில் முடியிழக்கும். தோல் தடித்து வெடிக்கும். நரி உணவு தேடவும் ஆற்றாது சொறிந்து சொறிந்து மெலிந்து சில மாதங்களில் இறக்கும். நெருக்கமாக வாழ்ந்த கூட்டம் ஆதலின் நோய் விரைந்து பரவிற்று. ஏறத்தாழ ஈராண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட நரிகள் மாண்டன. பல ஆண்டுகள் நாள்தோறும் நரிகளைக் கண்டு மகிழ்ந்த தெருக்களில் அவை இல்லாது போயின.

மருந்திட்டால் அப்பூச்சிகள் மடியுமே எனச் சிலர் ஐயுறலாம். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் இம்சையும், துயர் தீர்க்கும் எண்ணத்தோடு செய்கையில் நேரும் இம்சையும் ஒன்றல்ல என ஆசிரியர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். நடைமுறைத் தடையே பெரிது. உணவில் கலந்து வைத்த மருந்தை எந்த உயிர் உண்ணும் என யார் அறிவார்? இந்நோய்க்குப் பயன்படும் ஐவர்மெக்டின் சில நாயினங்களுக்கு நஞ்சாகும். ஆதலால் நோயுற்ற நரியைக் கண்டால் அது வரும் நேரத்தையும் வழியையும் குறித்துக்கொண்டு, காட்டுயிர் மீட்பு நிலையத்தார்க்கோ கால்நடை மருத்துவர்க்கோ அறிவித்தலே முறை. அதன் பொருட்டு ஆகும் செலவை ஏற்றால் அது மெய்யான ஔஷததானம்.

அபயதானத்தைப் பலர் பிறழ உணர்கின்றனர். நரியின் அச்சத்தைப் போக்கிக் கையிலிருந்து உண்ணுமாறு பழக்குவதே அபயம் என எண்ணுகின்றனர். அபயம் தருதலாவது அஞ்சத்தக்க காரணத்தை நீக்குதல், அச்சத்தையே நீக்குதலன்று. மனிதரிடத்து நரிக்குள்ள அச்சம் அதன் கவசம். ஒரு வீட்டில் அதனை இழந்த நரி, அடுத்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் அஞ்சாது நுழையும். 2010 சூன் மாதம் லண்டனில் உறங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகளை வீட்டுக்குள் புகுந்த நரி கடித்த செய்தி வெளியானபோது, நரிகளைக் கொன்றொழிக்க வேண்டும் என்னும் குரல் நாடெங்கும் எழுந்தது. அத்தகைய குரலுக்கு இடங்கொடாதிருத்தலும் நரிக்குச் செய்யும் உதவியே. அன்றியும் உணவிட்டுப் பழக்குவதால் நரி நாயாகிவிடாது. ரஷ்யாவில் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய ஆய்வில், தலைமுறைதோறும் சாதுவானவற்றை மட்டுமே தேர்ந்து இனப்பெருக்கம் செய்வித்த பின்னரே வாலாட்டி மனிதரை நாடும் நரிகள் தோன்றின. அவை கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை. தோட்டத்துக்கு வரும் நரி அவ்வகையினதன்று. அவ்வாறு ஆக்க நமக்கு உரிமையும் இல்லை.

அஞ்சத்தக்க காரணங்களோ தோட்டத்திலேயே பல உள. பிள்ளைகள் விளையாடும் பந்துவலையை இரவில் சுருட்டி வைக்காவிடில் நரி அதிற் சிக்கி, விடுபட முயன்று காயமுறும். நத்தை கொல்லும் மருந்துகளுள் மெட்டால்டிகைடு கலந்தது பறவைக்கும் நாய்க்கும் நரிக்கும் கேடு விளைப்பது. பிரிட்டனில் 2022 முதல் திறந்த வெளியில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. நத்தையையும் கொல்லாதார் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. எலும்புத்தூள் உரம் இட்ட பாத்தியை நரி மோப்பம் பிடித்துத் தோண்டும். தோண்டுகிறதே எனச் சினப்பவர், நம் இல்லத்தில் எலும்புத்தூள் ஏன் வந்தது என முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கொட்டகையடியில் குருளைகள் இருக்கையில் துளையை அடைத்தல் கொடுஞ்செயல். காட்டுப் பாலூட்டிகளை மூச்சடைக்கச் செய்து வதைத்தலை 1996ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. வேட்டை நாய்களை ஏவி நரியைத் துரத்திக் கொல்லும் வழக்கமும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 பிப்ரவரி முதல் சட்டத்தால் விலக்கப்பட்டது.

எஞ்சியது சாஸ்திரதானம். இது நரிக்கு நாம் தருவதன்று. நம் பிள்ளைகளுக்கு நரியின் வாயிலாகக் கிடைப்பது. ஒரு குறிப்பேடும் விளக்கில்லாத சாளரமும் போதும். வந்த நேரம், வந்த வழி, தனித்து வந்ததா இணையோடு வந்ததா, வால் முடி நிறைந்துள்ளதா, நடையில் நொண்டல் உண்டா என நாள்தோறும் ஒரு வரி எழுதி வரட்டும். ஈரமண்ணில் பதிந்த அடியை நாயின் அடியோடு ஒப்பிடட்டும். நரியின் அடி நீண்டு குறுகியிருக்கும். சென்ற ஆண்டுக் குருளையாகிய மகள்நரி இவ்வாண்டும் தங்கித் தாய்க்குத் துணையாக இளங்குருளைகளுக்கு உணவு சுமப்பதையும் சில வீட்டார் காண்பர். இலையுதிர்காலத்தில் குறிப்பேட்டில் வரிகள் குறையத் தொடங்கும். இளநரிகள் பிறந்த எல்லையை விட்டுப் புறப்படும் காலம் அது. நகர நரிகளுள் பெரும்பாலானவை ஈராண்டு நிறையுமுன்னே இறக்கின்றன. பெரும்பாலும் வாகனங்களில் அடிபட்டே. ஆகவே அந்நாட்களில் இருட்டிய பின் வண்டி ஓட்டும் தந்தையரிடம், குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைக்கும்படி குறிப்பேடு எழுதும் பிள்ளைகளே சொல்லட்டும்.