இரு தீவுப் புறாக்கள்

பறத்தல் பறவைக்கு இயல்பு என்பர். ஆயினும் அவ்வியல்பினை அறவே நீத்து, நிலத்தின்மேல் நடந்தே வாழ்ந்த புறாவினங்கள் இரண்டு இந்துமாக்கடலின் தீவுகளில் இருந்தன. ஒன்று, மோரீசுத் தீவின் டோடோ. மற்றொன்று, அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவிலுள்ள ரொட்ரீகசுத் தீவின் சாலிட்டேர். பிரெஞ்சு மொழியில் இப்பெயர் தனித்து வாழ்வது எனப் பொருள்படுமாதலின், ஈண்டு இதனைத் 'தனியன்' என வழங்குவோம்.

முதற்கண் ஒற்றுமையைக் காண்போம். இவையிரண்டும் புறாக்குலத்தன என்பதனை ஸ்டிரிக்லண்டு, மெல்வில் என்னும் அறிஞர் இருவர் 1848 இல் எலும்புகளை ஆராய்ந்து நிறுவினர். இன்றுள்ள புறாக்களுள் இவற்றிற்கு நெருங்கிய சுற்றம் நிக்கோபார்ப் புறாவே என்பதனை 2002 இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. அப்புறாவும் தரையில் இரை தேடுவதே. எனினும் நன்கு பறக்கவல்லது. டோடோவின் முன்னோரும் தனியனின் முன்னோரும் பறந்தனவே. கொன்று தின்னும் விலங்குகள் இல்லாத தீவுகளில் சிறகின் தேவை ஒழியவே, அது காலப்போக்கில் குறுகிற்று.

இனி வேற்றுமை. டோடோ பருத்த உடலும், தடித்த கால்களும், முனை வளைந்த பேரலகும் உடையது. தனியனோ கழுத்தும் காலும் நீண்டது, அலகு சிறுத்தது. அதன் சேவல் பேட்டினும் மிகப் பெரியது. சிறகின் மணிக்கட்டில் உருண்டை போன்றதோர் எலும்புப் புடைப்பு அதற்கு உண்டு. அதுவே போரிற் படைக்கலம். டோடோவுக்கு அஃது இல்லை.

இவற்றினும் பெரியதொரு வேற்றுமை, இவற்றைக் கண்டோர் கண்ணில் உளது. 1598 இல் மோரீசில் இறங்கிய டச்சு மாலுமிகள் டோடோவை இறைச்சியாகவே நோக்கினர்; வேகவைத்தும் மெல்லாகாத அதன் ஊனை வெறுத்து, 'அருவருப்புப் பறவை' எனப் பெயரிட்டனர். அது கூடு கட்டிக் குஞ்சு வளர்த்த வகையைப்பற்றி நம்பத்தக்க செய்தி மிக அரிது. தன் விசுவாசத்தின் பொருட்டுப் பிரான்சு நாட்டை விட்டகன்ற பிரான்சுவா லெகா என்பாரோ, 1691 முதல் 1693 வரை ரொட்ரீகசில் தங்கினார். அவரும் தனியனை உண்டவரே. ஆயினும் அதனை உற்று நோக்கினார். பனையோலைக் குவியலின்மேல் ஒரே முட்டையிடும் என்றும், சேவலும் பேடும் மாறி மாறி அடைகாக்கும் என்றும், பிடிபட்டால் ஓசையின்றிக் கண்ணீர் சொரியும் என்றும் 1708 இல் வெளியான தம் நூலில் வரைந்தார். அந்நூலைக் கட்டுக்கதை என்றோரும் உளர். ஆனால் பின்னாளில் ரொட்ரீகசுக் குகைகளிற் கிடைத்த எலும்புகள், அவர் கூறிய சிறகுப் புடைப்பு மெய்யே எனக் காட்டின.

இன்று இரண்டும் இல்லை. டோடோவைக் கண்டதாகப் பலரும் ஒப்பும் இறுதிச் செய்தி 1662 ஆம் ஆண்டினது. தனியனும் அடுத்த நூற்றாண்டிற்குள் மாய்ந்தது. மனிதர் வேட்டையும், அவர் கொணர்ந்த பன்றி, எலி, பூனை முதலியனவும், காட்டழிவும் இவற்றின் குலத்தை வேரறுத்தன.

டோடோவை உலகம் மூடப் பறவை என்கின்றது. மூடம் பறவையினதன்று, பசியொழியப் பிறிதொன்றும் அறியாத கண்ணினது என்போம். அதன் சுற்றமாகிய நிக்கோபார்ப் புறா இன்னும் நம் நாட்டுத் தீவுகளில் உளது. அடைக்கலான் குருவியையும் மறவாத ஆண்டவர் அதனையேனும் கண்டு போற்றும் காலத்தை நமக்கு ஈந்துள்ளார்.