புறப்படும் தேதியைக் குதிரை சொல்லட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

கோவையிலிருந்து கன்னியாகுமரி வரை குதிரையிலேயே போகப் போவதாக எழுதியிருக்கிறாய். சித்திரை முதல் நாள் புறப்பாடு, வழியனுப்ப ஆட்கள் வருகிறார்கள், குதிரை மட்டும் இன்னும் வாங்கவில்லை என்கிறாய். உன் ஆசையை முழு மனதோடு வாழ்த்துகிறேன். நம் பக்கம் குதிரை வைத்திருக்கிறவர்கள் பந்தயத்துக்கும் கோயில் விழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அதைப் பழக்குகிறார்கள். நாள் கணக்கில் நடந்து போகப் பழக்குகிறவர்கள் அரிது. உன்னைப் போல இன்னும் சிலர் கேட்பதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தேதியை அழித்துவிடு. சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்கழி பாதியிலிருந்து மாசி முடிய இருக்கும் நாட்கள்தான் உனக்கானவை. அவற்றிலும் எந்த நாள் என்பதைக் குதிரையின் முதுகும் குளம்பும் தீர்மானிக்க வேண்டும். நீ நாள் குறித்துவிட்டால் அந்த நாளுக்காகக் குதிரையை அவசரப்படுத்துவாய். பத்தாம் நாள் முதுகில் புண்ணோடு நிற்கிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண்ணுக்கு விதை பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பே விழுந்திருக்கும்.

குதிரை வாங்க ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போ. திப்பு காலத்தில் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று ஊரில் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை, மட்டக் குதிரை எல்லாம் வரும். தரகர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள், "சுழி சுத்தமுங்க" என்று விலை ஏற்றுவார்கள். அது அவர்கள் நம்பிக்கை, மதித்துக் கேட்டுக்கொள். நீ பார்க்க வேண்டியது வேறு. பல்லைப் பார்த்து வயது கணி. ஏழு வயதுக்குக் குறைந்தது வேண்டாம். கல் கிடக்கிற மண்ணில் நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார். நான்கு குளம்பும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, முதுகெலும்பின் இருபுறமும் அழுத்தினால் சுருங்குகிறதா, பேருந்து ஹாரனுக்கு மிரண்டாலும் உடனே அடங்குகிறதா, தெரியாத வாளியில் தண்ணீர் குடிக்கிறதா என்று பார். முழு வெள்ளைக் குதிரைக்குக் கூட்டம் கூடும், விலையும் அதிகம். ஆனால் இளஞ்சிவப்புத் தோல் நம் வெயிலில் வெந்துபோகும். நெடுவழிக்கு அதை நான் வாங்க மாட்டேன்.

எமே சிஃபெலி என்ற பள்ளி ஆசிரியர் 1925இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸிலிருந்து புறப்பட்டு 1928இல் நியூயார்க் சேர்ந்தார், ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். அவருடைய மாஞ்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோல்லோ குதிரைகளும் புறப்படும்போதே பதினைந்து வயதைத் தொட்டவை. அழகுக்காக யாரும் அவற்றை வாங்கியிருக்க மாட்டார்கள். படகோனியாவின் குளிரிலும் வறண்ட புல்லிலும் வளர்ந்த உடம்பு அவற்றுக்கு. இரண்டும் பிழைத்து ஊர் திரும்பின. அந்தியூரில் பளபளக்கிற குதிரைக்கு முன்னால் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்.

வாங்கிய பிறகு குறைந்தது மூன்று மாதம் பழக்கு. முதல் மாதம் நடை மட்டும். மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும், நரம்புநாணும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்காகும். ஓடத் துடிக்கிற குதிரையைப் பார்த்துத் தயாராகிவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஓய்வில் அதன் நாடி நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை இருக்கும். தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்துப் பார்க்கப் பழகு. வேலை முடிந்து கால்மணி நேரத்துக்குள் 60க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைய தூரம் அதற்கு அதிகம். நீயும் சேணமும் மூட்டையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. உன் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் என்ன ஏற்றலாம் என்று பார்.

சேணத்துக்கு அடியில் நல்ல கம்பளி போடு. பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் போதும் என்று சொல்வார்கள். மடிப்பு விழுகிற இடத்தில் தோல் உரியும். தினமும் சேணம் இறக்கியதும் வேர்வைத் தடத்தைக் கவனி. முதுகு முழுக்க நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மறுநாள் ஏறாதே.

லாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கடல்வழியே வந்து இறங்கிய குதிரைகள் இங்கே ஏராளமாகச் செத்துப்போயின என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடம் அடிப்பவர் இல்லை, வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நம்மிடம் மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் மாட்டின் பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு, குதிரையின் ஒற்றைக் குளம்புக்கு ஒரே வளையம். குளம்பைச் செதுக்கும் கோணமும் வேறு. மாட்டுக்காரரிடம் குதிரையைக் கொடுத்துவிடாதே. உதகையிலும் கோவையைச் சுற்றியுள்ள குதிரையேற்றப் பயிற்சி நிலையங்களிலும் குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒருவரைப் பிடித்து, கழன்ற லாடத்தை முழுதாக எடுக்கவும் தற்காலிகமாக ஆணி அடிக்கவும் கற்றுக்கொள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றியாக வேண்டும், அது எந்த ஊரில் என்பதை இப்போதே முடிவு செய். ரணஜன்னிக்குத் தடுப்பூசியும் போட்டுவிடு. முள்ளும் ஆணியும் குத்துகிற காட்டில் குதிரைக்கு அதைவிடப் பெரிய எதிரி குறைவு.

தீவனத்தில்தான் நம் ஊரின் தனி ஆபத்துகள் இருக்கின்றன. தோட்டத்துச் சாளையில் தங்கினால் அன்போடு சோளத்தட்டை அள்ளிப் போடுவார்கள். பச்சைச் சோளம் குதிரைக்கு வேண்டவே வேண்டாம். மூத்திரப்பையையும் பின்னங்கால்களையும் அது கெடுக்கும், பின்பக்கம் தள்ளாட ஆரம்பித்தால் மீட்பது கடினம். கொரங்காட்டில் கட்டினால் கொழுக்கட்டைப் புல் அருமையான மேய்ச்சல். வேலியோரம் சீமைக் கருவேலம் இருந்தால் அதன் காயைத் தின்னவிடாதே, குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அடைப்பும் சூலையும் வந்தால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைப் பறிக்கும், சாணி நின்றுபோகும். அப்போதே மருத்துவரை அழை. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டில் பூத்து நிற்கிற அரளியில் ஒரு பிடி இலை போதும், குதிரையைக் கொல்ல.

எல்லாவற்றிலும் நான் மிகவும் அஞ்சுவது கோழித் தீவனத்தை. பல்லடம் சுற்றுவட்டாரமும் நாமக்கல்லும் கோழிப்பண்ணைகளால் நிறைந்தவை. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதன் தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது உண்டு. கோழி தாங்குகிற அளவில் மிகச் சிறிய பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். "மூட்டையில மிச்சம் இருக்குது, போட்டுக்குங்க" என்று யார் கொடுத்தாலும் கும்பிட்டு மறுத்துவிடு. கோழித் தீவனம் அள்ளிய பாத்திரத்தைக்கூடக் காடிக்குக் கொண்டுவராதே. உன் கொள்ளை நீயே சுமந்து போ, வேகவைத்து அளவாகக் கொடு. வயிற்றை நிரப்ப வேண்டியது காய்ந்த புல். 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஆறேழு கிலோ காய்ந்த தீவனமும் 30 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும்.

நேராகக் கன்னியாகுமரிக்குக் கிளம்பாமல் முதலில் கீழ்பவானி வாய்க்கால் கரையில் போய்ப் பார். பவானிசாகரிலிருந்து கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கமாக 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. அணைப்பக்கம் யானை நடமாடுகிற இடம், அதனால் கோபியிலிருந்து தொடங்கு. தார்ச்சாலையின் அதிர்வு இல்லாத மண்கரை பல இடங்களில் கிடைக்கும். நிழலும் உண்டு, சிறிது தூரத்தில் ஊரும் உண்டு. கரையில் போக நீர்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள். தண்ணீரை வாளியில் மொண்டு கொடு, சரிவில் குதிரையை இறக்காதே. முதல் வாரம் நாளுக்கு 15 கிலோமீட்டர். பிறகு 25 வரை போகலாம். விடியலுக்கு முன் எழுந்து தீவனம் போட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பு. வெயில் ஏறுமுன் நிறுத்திவிடு. நாலைந்து நாளுக்கு ஒருநாள் முழு ஓய்வு. ஒவ்வொரு நாளும் முதல் கிலோமீட்டரும் கடைசிக் கிலோமீட்டரும் நீ இறங்கி நட. சேணவாரை அப்போது மறுபடி இறுக்கலாம், குதிரையின் முதுகுக்கும் ரத்தம் ஓடும்.

இந்த மண் வழிப்போக்கருக்குப் புதிதல்ல. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று சோழர் காலத்தில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். சென்னிமலைக்கு அப்பால் நொய்யல் கரையில் கொடுமணல் சங்ககாலத்திலேயே வணிகர் வந்துபோன ஊர். 1800இல் பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் பயணம் செய்தபோது அன்றன்று எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அங்கே மண் என்ன, பயிர் என்ன, தண்ணீர் எப்படி என்று எழுதிக்கொண்டே போனார். நீயும் அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள். அதில் உன் மனநிலையைவிட முக்கியம் காலை நாடி, குடித்த தண்ணீர், போட்ட சாணி, வேர்வைத் தடம். ஒரு மாதத்துக்குப் பிறகு உன் குதிரையைப் பற்றி அந்த நோட்டு சொல்வதை வேறு யாராலும் உனக்குச் சொல்ல முடியாது.

தங்கும் இடத்தை இருட்டும்போது தேடாதே. முந்தைய நாளே போன் செய்து, பெண்கள் இருக்கிற சாளையாகக் கேட்டு, கட்டுத்தரை எங்கே, கல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடு. நம் பக்கத்தில் "வாங்க கண்ணு" என்று சொல்லாத வீடு குறைவு, ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் புதுக்குதிரையைக் கட்ட அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதே. வீட்டு நாய்களைக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் படலைத் திற.

வழியனுப்பும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பூமாலையும் பட்டாசும் மைக்கும் வேண்டாம். குதிரை மிரண்டு முதல் மணி நேரத்திலேயே கால் பிசகிவிடும். அம்மாவும் லாடக்காரரும் மருத்துவரும் இருந்தால் போதும். வாய்க்கால் சுற்றை முடித்ததும் நான்கு குளம்பையும் பின்பக்கமிருந்தும் அடிப்பக்கமிருந்தும் படம் எடுத்து, நோட்டோடு எனக்கு அனுப்பு. கன்னியாகுமரிக்கு எந்த வாரம் கிளம்பலாம் என்பதை அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா வயதுள்ள ஒரு குதிரைக்காரன்