வெற்றிடத்தோடு ஆடுதல்

ஆடுபவரும் காண்பவரும் ஓரிடத்தில் கூடுவதே நிகழ்த்துகலையின் அடிப்படை. உடலே இல்லாத ஒரு பாத்திரம் அந்த மேடையில் ஏறினால் என்னவாகும்? கணினி விளையாட்டுப் போட்டிகளின் பேரரங்குகள் இவ்வினாவை எழுப்பியுள்ளன.

தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் 2018 நவம்பர் 3ஆம் நாள் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டின் உலக இறுதிப்போட்டி நடைபெற்றது. தொடக்க விழாவில் மேடிசன் பியர், ஜைரா பர்ன்ஸ், மியோன், சோயோன் ஆகிய பாடகியர் நால்வர் பாடி ஆடினர். அவ்விளையாட்டின் பாத்திரங்களான அஹ்ரி, அகாலி, ஈவ்லின், காய்சா ஆகியோரும் அதே மேடையில் தோன்றி ஆடினர். ஆனால், அரங்கில் இருந்தோர் பெருந்திரையை நோக்கியபோதுதான் அப்பாத்திரங்களைக் கண்டனர். மேடையை நோக்கியபோது மனிதர் மட்டுமே தென்பட்டனர்.

இதற்குக் காரணம் மிகை மெய்ம்மைத் தொழில்நுட்பம் ஆகும். ஒளிப்படக்கருவி எங்கே நிற்கிறது, எப்பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நெருங்கிக் காட்டுகிறது என்பவற்றைக் கணினி நொடிதோறும் பலமுறை அளக்கிறது. அதே கோணத்தில் பாத்திரத்தை வரைந்து, நேரடிக் காட்சியோடு இணைக்கிறது. தரையில் விழும் நிழலையும் வரைந்தால்தான் கால்கள் மேடையில் ஊன்றியவைபோலத் தோன்றும். அளவு சிறிது பிழைத்தாலும் பாத்திரம் வழுக்குவதுபோல் தெரிந்துவிடும்.

மேடையில் நிற்கும் கலைஞரின் நிலை இன்னும் கடினமானது. தம் அருகே ஆடும் பாத்திரம் அவர் கண்ணுக்குப் புலப்படாது. குறித்த கணத்தில், குறித்த இடத்தில், வெற்றிடத்தை நோக்கி அவர் திரும்ப வேண்டும். உடன் ஆடுபவர் மனிதராயின், ஒருவர் இடறும்போது மற்றவர் அரைக்கணம் தாழ்த்தி அவரைக் காப்பார். முன்பே வரையறுக்கப்பட்ட பாத்திரமோ காத்திராது.

அப்படியாயின், அப்பாத்திரத்தின் ஆட்டம் யாருடையது? மோஷன் கேப்சர் எனப்படும் அசைவுப் பதிவு முறையில் நடனக் கலைஞர் ஒருவர் உடலெங்கும் குறியீட்டுப் புள்ளிகள் பதித்த ஆடையை அணிந்து ஆடுகிறார். சுற்றிலும் உள்ள கருவிகள் அவர் மூட்டுகளின் அசைவைப் பதிவு செய்கின்றன. இடுப்பின் வளைவும் பாதம் ஊன்றும் எடையும் அவருடையவை. முகம் மட்டுமே வேறு. திரையில் தோன்றும் உருவத்தைக் கொண்டாடும் கூட்டத்தில் அவர் முகத்தை அறிந்தோர் மிகச் சிலரே. இது முறையா என்பதை நடன உலகம் கேட்க வேண்டியுள்ளது.

இம்மறைவு முற்றிலும் புதிதன்று. 1862இல் இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர், சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடியைக் கொண்டு மேடையில் ஆவியுருவைத் தோன்றச் செய்தார். அவையோர் கண்டது, மேடைக்குக் கீழே மறைந்து நின்ற நடிகர் ஒருவரின் பிரதிபலிப்பு. மேல்மேடை நடிகருக்கு அவ்வுருவம் தெரியாது. அவரும் வெற்றிடத்தோடுதான் நடித்தார்.

2019இல் பாரிசில் நடந்த இறுதிப்போட்டியில் ஒளி ஊடுருவும் மெல்லிய வலைத்திரையில் உருவங்கள் வீழ்த்தப்பட்டன. அரங்கினர் தம் கண்களாலேயே அவற்றைக் காண முடிந்தது. எனினும், வலைத்திரை நிற்குமிடத்தில்தான் அவ்வகை உருவம் நிற்கும். ஆடுபவரைச் சுற்றி வரவோ அவர் கையைப் பற்றவோ அதனால் இயலாது.