உடற்கோட்டையின் காவலர்

குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு தென்காசி வழியே சென்று வயல்களை ஊட்டுகிறது. அந்நீர் அளவோடு பாய்ந்தால் பயிர் வளரும்; நாட்பட வெள்ளமாய் நின்றால் அப்பயிரே அழுகும். மனிதனின் இரைப்பையில் வெள்ளணுக்கள் புரியும் தொழிலும் இத்தகையதே.

வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கும் என்னும் கருத்துக்கு உருசிய அறிஞர் மெச்னிக்காவ் 1882ஆம் ஆண்டில் வித்திட்டார். கிருமி புகுந்த இடத்தில் அவை திரண்டு பொருதலால் அவ்விடம் சிவந்து வீங்கும். இதனை அழற்சி என்பர். பகை ஒழிந்ததும் அழற்சி தணிதல் வேண்டும். ஆனால், மார்ஷல், வாரன் என்னும் ஆசுத்திரேலிய மருத்துவர் இருவர் 1982இல் வளர்த்துக் காட்டிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி இரைப்பையில் பல்லாண்டு தங்க வல்லது. ஆதலின் போர் ஓயாது. காக்க வந்த அணுக்கள் உமிழும் பொருள்களே உட்சுவரைப் புண்படுத்தும். அக்கிருமி உடையார் பலருள் சிலர்க்கு இது புற்றாக முடிகிறது.

புற்று தோன்றியபின் மற்றொரு வஞ்சம் நிகழ்கிறது. விழுங்கும் அணுக்களுட் சில மயங்கிப் புற்றுக்கே துணையாகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. புற்றைக் கொல்ல வல்ல டி அணுக்களையும் அது பூட்டிட்டு முடக்குகிறது. அத்தகைய பூட்டுகளைத் திறக்கும் வழி கண்ட அல்லிசன், ஹோஞ்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும், அவ்வழிப் பிறந்த மருந்துகள் எல்லார்க்கும் பயன் தருவதில்லை.

நாட்பட்ட வயிற்றுவலி, காரணமற்ற உடல் மெலிவு, கரிய மலம் ஆகியவற்றை எவரும் மறைத்தலாகாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். கிருமி உளதாயின் அதனை மருந்தால் ஒழிக்கலாம். வெள்ளம் வருமுன் கரையைக் காப்பதே அறிவுடைமையாகும்.