முயற்குட்டிகளின் உணவும் பராமரிப்பும்

கமக்காரர் வீடுகளில் முயல் பெரும்பாலும் பிள்ளைகளின் விருப்பத்துக்காகவே வளர்க்கப்படுகின்றது. ஒரு சோடி முயல் வாங்கிய வீட்டிற் சில மாதங்களுள் குட்டிகளும் பிறந்துவிடும். முயல் பெருகுவது எளிது; பிறந்த குட்டிகளைக் காப்பதே கடினம். குட்டி பசித்திருக்கிறது என்றெண்ணி இரக்கத்தால் ஊட்டப்படும் தகாத உணவு பல குட்டிகளின் இறப்புக்குக் காரணமாகின்றது. குட்டிக்கு எந்த வயதில் எவ்வுணவு உரியது, எப்பொழுது கைவைத்தல் வேண்டும், எப்பொழுது கைவையாதிருத்தல் வேண்டும் என்பவற்றை இங்கு காண்போம்.

தாய் முயலின் இயல்பு

வீட்டு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. அங்கே தாய் முயல் வளைக்குள் குட்டிகளை ஈன்று, வாயிலை மண்ணால் மூடிவிட்டு அப்பாற் செல்லும். நாளுக்கு ஒருமுறை வந்து, மூன்று நான்கு நிமிடங்கள் பால் கொடுத்து, மீண்டும் வாயிலை மூடிவிடும். அடிக்கடி வந்தால் பகைவிலங்குகள் வளையைக் கண்டுகொள்ளும் என்பதே இதன் காரணம். கூட்டில் வளரும் முயலும் இவ்வியல்பை விடவில்லை. பெரும்பாலும் இரவிலோ விடியற்புறத்திலோ ஒருமுறை பாலூட்டிவிட்டு, பகல் முழுவதும் குட்டிகளை அணுகாதிருக்கும். இதனைக் கண்டு தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என முடிவு செய்தல் தவறாகும்.

உண்மையை அறிய வேண்டின் குட்டியின் வயிற்றைப் பார்த்தல் வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டிருக்கும். மெல்லிய தோலினூடே வெண்ணிறப் பாலும் தெரியும். குடியாத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். விடியற்காலையில் இச்சோதனையைச் செய்தல் நன்று. மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் ஏற்காது எனப் பலர் அஞ்சுவர். பழகிய முயலில் இவ்வச்சம் வேண்டியதில்லை. முதலில் தாயைத் தடவிக்கொடுத்து, பின்னர் அதே கையாற் குட்டிகளைத் தொடலாம்.

பேற்றுப் பெட்டி

முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். 28 ஆம் நாளிற் பேற்றுப் பெட்டியைக் கூட்டினுள் வைத்தல் வேண்டும். 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பலகைப் பெட்டி போதும். முன்புறப் பலகை 6 அங்குல உயரமாயிருப்பின் தாய் எளிதிற் புகும்; குட்டிகள் வெளியே வந்து விழமாட்டா. உள்ளே உலர்ந்த சுத்தமான வைக்கோலைப் பரப்புக. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை ஒருபோதும் இடலாகாது. தாய் தன் வயிற்று உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைத்துக்கொள்ளும்.

எறும்புகள் பிறந்த குட்டிகளைக் கடித்துக் கொல்லக்கூடும். ஆகையாற் கூட்டின் கால்களைத் தண்ணீர் நிறைந்த பேணிகளில் நிறுத்துக. பாம்பு, கீரி, மரநாய், எலி என்பன நுழையாதவாறு சிறுகண் கம்பிவலை அடிப்பதும் அவசியம்.

முதற் பத்து நாட்கள்

பிறந்த குட்டிக்கு உரோமம் இல்லை. கண்ணும் செவியும் திறவா. நடுத்தர இனக் குட்டி ஏறத்தாழ 50 கிராம் நிறையுடையது. தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றல் அதற்கு இல்லையாதலால், குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தே சூடு பெறுகின்றன. மெத்தையினுள் 30 பாகை செல்சியசு அளவு சூடு இருத்தல் வேண்டும்.

பெட்டியை நாளுக்கொருமுறை பார்வையிடுக. இறந்த குட்டியையும் நனைந்த வைக்கோலையும் உடனே அகற்றுக. முலையைப் பற்றியபடி வெளியே இழுபட்டு வந்து குளிர்ந்து கிடக்கும் குட்டியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பின் பெட்டியுட் சேர்க்க. குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டுதல் கூடாது; முதலிற் சூடு, பின்னரே உணவு. மலைநாட்டிற் குளிர் எவ்வாறு பகையோ அவ்வாறே உலர்வலயத்தில் வெப்பமும் பகையாகும். கோடைக்காலத்திற் குட்டிகள் பிரிந்து கிடந்து மேல்மூச்சு வாங்கினால், உரோமத்திற் சிறிதளவை எடுத்துவிட்டுக் கூட்டை நிழலுக்கு மாற்றுக. எடுத்த உரோமத்தைப் பத்திரப்படுத்தி, இரவு குளிரின் மீண்டும் இடுக.

கண்கள் பத்தாம் நாள் முதற் பன்னிரண்டாம் நாளுக்குள் திறக்கும். இக்காலம் முழுவதும் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் ஒருபொழுதும் வற்றலாகாது. தாய்க்குத் தண்ணீர் குறைந்தாற் குட்டிக்குப் பால் குறையும்.

தாயற்ற குட்டிகள்

தாய் இறந்துவிடினும் பால் சுரவாவிடினும், அயலில் அண்மையில் ஈன்ற வேறொரு தாய் முயல் உண்டோ என முதலில் விசாரிக்க. வயது வேறுபாடு இரண்டு மூன்று நாட்களுக்கு மேற்படாத குட்டிகளை அத்தாயின் உரோமத்தாற் பூசி, அதன் குட்டிகளோடு கலந்துவிட்டாற் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இதுவே மிகச் சிறந்த வழி.

அதற்கு வாய்ப்பில்லையெனிற் கையாலூட்டல் வேண்டும். பசுப்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவே கொழுப்பு உண்டு. முயற்பாலில் அது பத்துப் பங்குக்கு மேற்பட்டது. புரதமும் அவ்வாறே மிகுதி. பாற்சர்க்கரையோ மிகக் குறைவு. தண்ணீர் கலந்த பசுப்பால் குட்டிக்கு ஊட்டமும் தராது, வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவும், அது கிடையாதவிடத்துத் தண்ணீர் கலவாத ஆட்டுப்பாலும் ஓரளவு பொருந்தும்.

ஒரு நாளுக்குரிய அளவு பின்வருமாறு. இதனை இரு வேளையாகப் பிரித்து ஊட்டுக.

பிறந்த குட்டிக்கு: 5 மில்லிலீற்றர்
ஒரு வார வயதில்: 12 முதல் 15 மில்லிலீற்றர்
இரண்டு வார வயதில்: ஏறத்தாழ 25 மில்லிலீற்றர்
மூன்று வார வயதில்: ஏறத்தாழ 30 மில்லிலீற்றர்

பால் உடற்சூட்டளவு வெதுவெதுப்பாயிருத்தல் வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடியாது, வயிறு கீழாகவும் தலை சற்று உயர்ந்தும் இருக்கப் பிடித்து, ஊசி கழற்றிய சிறு பீச்சுகுழலாற் சொட்டுச்சொட்டாகக் கொடுக்க. அவசரப்பட்டால் பால் சுவாசப்பையுட் புகுந்து குட்டி இறக்கும். ஊட்டிய பின்னர், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வாலின் கீழ் மெல்லத் தடவிச் சிறுநீர் கழிக்கச் செய்தல் வேண்டும். கண் திறக்கும் வரை தாயின் நாக்கு செய்யும் வேலை இது.

மூன்றாம் வாரம் முதல்

பெரிய ஆபத்து இப்பொழுதே தொடங்குகின்றது. பதினெட்டாம் நாளளவில் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியேறி, தாயின் உணவைக் கொறிக்கத் தொடங்கும். பாலுக்கு மட்டுமே பழகிய குடல் புல்லைச் செரிக்கப் பழகும் காலம் இது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குடலிற் சிறிது சிறிதாகவே குடியேறுகின்றன. உணவு திடீரென மாறினால் இந்நுண்ணுயிர்களின் ஒழுங்கு கெட்டு, வயிறு ஊதி, கழிச்சல் கண்டு, குட்டி ஓரிரு நாட்களில் இறந்துவிடலாம். உண்டதை வாந்தியெடுக்கும் ஆற்றலும் முயலுக்கு இல்லை.

ஆகவே தாய் உண்ணும் புல்லையே குட்டிகளுக்கும் கொடுக்க. உணவின் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும். அறுகம்புல்லும் உலர்த்திய கினிப்புல்லும் நல்லவை. முள்முருக்கு, வற்றாளங்கொடி, கச்சான்கொடி என்பவற்றை ஆறாம் வாரத்தின் பின்னர், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு அளவிற் பழக்குக. கோவா, கரட், சோறு, பாண், விசுக்கோத்து என்பன குட்டிக்கு ஆகா. குட்டி தன் குதத்திலிருந்து மென்மையான எச்சத்தை எடுத்து உண்பதைக் கண்டு தடுக்கற்க. அதிலுள்ள உயிர்ச்சத்துகளையும் புரதத்தையும் அது இவ்வாறே பெறுகின்றது.

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதும் பரிசளிப்பதும் நன்றன்று. கொடுக்கும்பொழுது, அது உண்டுவந்த உணவிற் சில நாட்களுக்குப் போதுமானதையும் உடன் கொடுத்தனுப்புக. வாங்குவோர் புதிய உணவை ஒரு வாரத்திற் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும்.

தோட்டத்து இலைகளும் மருந்தும்

நெல்லும் மரக்கறியும் செய்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இது. கிருமிநாசினி தெளித்த கோவாத் தழையையும், களைநாசினி தெளித்த வயல் வரம்புப் புல்லையும் முயலுக்கு இடலாகாது. அரைக் கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்கு மிகச் சிறிய அளவு நஞ்சும் தீங்காகும். முயலுக்கெனத் தோட்டத்தின் ஒரு மூலையில் மருந்து படாத புற்பாத்தி ஒன்றை ஒதுக்குதல் நன்று. தெளிகருவியைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமற் குட்டிகளைத் தொடவேண்டாம்.

மரவள்ளி இலை, தக்காளிச் செடியின் இலை, உருளைக்கிழங்கின் தழை, அலரி, ஆமணக்கு, ஊமத்தை என்பன நஞ்சுடையவை. இப்பில் இப்பில் இலையை மிகுதியாகத் தின்னும் முயலுக்கு உரோமம் உதிரும். அறுத்த புல்லைக் குவித்து வைத்தாற் சூடேறிப் பழுதாகும், பரப்பி வைக்க.

நோய்

நான்காம் வாரத்தின் பின் கழிச்சலும் மெலிவும் காணின் அது கொக்சிடியோசிசு என்னும் நோயாயிருக்கலாம். எச்சம் கலந்த உணவினால் இது பரவும். எச்சம் கீழே விழத்தக்க தளமும், நிலத்திற் படாமற் கட்டிய புல்லும், நாள்தோறும் சுத்தம் செய்தலும் இதனைத் தடுக்கும். அரை நாள் உணவெடாத குட்டியை உடனே மிருக வைத்தியரிடம் காட்டுக. வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்கவேண்டாம். பெனிசிலின், அமொக்சிசிலின் வகை மருந்துகள் வாய்வழியே சென்றால் முயலைக் கொல்லக்கூடும்.

வயலிற் காணும் குட்டி

அறுவடையின்போதும் பற்றை வெட்டும்போதும் காட்டு முயலின் குட்டி தனித்துக் கிடப்பதைக் காணலாம். இது வீட்டு முயலினின்றும் வேறான இனம். உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறப்பது. தாய் அதனைப் புல்லிடை ஒளித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பின் வந்து பாலூட்டும். அதனை அனாதையென எண்ணி வீட்டுக்குக் கொண்டுவரின், பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. இயந்திரம் வரும் வழியிற் கிடந்தால், அருகிலுள்ள வரம்போரப் புல்லில் வைத்துவிட்டு அகலுக.

நினைவிற் கொள்க

1. பகலிற் தாய் அணுகாமை கைவிட்டமைக்கு அடையாளமன்று. வயிற்றைப் பார்த்தே முடிவு செய்க.
2. குளிர்ந்த குட்டிக்கு முதலிற் சூடு, பின்னர் பால்.
3. தாயற்ற குட்டிக்குப் பசுப்பால் ஆகாது.
4. மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை உணவைத் திடீரென மாற்றற்க.
5. மருந்து தெளித்த இலையும் புல்லும் கூட்டினுட் செல்லலாகாது.
6. எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைப் பிரிக்கற்க.