மாதக் கணக்கில் சண்டை எதற்கு?



பிப்ரவரி 11-ல் கல்யாணம். மார்ச் 25-ல் கிராம சுகாதார செவிலியர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, "எட்டு வாரக் கர்ப்பம்" என்று அட்டையில் எழுதுகிறார். மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறார். "கல்யாணமாகி ஆறு வாரம்தானே ஆச்சு?" வீட்டில் பேச்சு தடித்துவிடுகிறது. ஒரு தப்பும் செய்யாமலே இந்தக் கணக்கால் கண்ணீர் விட்ட பெண்கள் உண்டு.

கரு என்றைக்குத் தரித்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. மாதவிலக்கு வந்த நாளைப் பெண்ணால் சொல்ல முடியும். ஆகவே கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக விலக்காகும் பெண்ணுக்குச் சுமார் 14-ம் நாள்தான் கருமுட்டை வெளிப்படும்; கரு தரிப்பதும் அதையொட்டித்தான். அதற்கு முந்திய இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது! மேலே சொன்ன பெண்ணுக்கு விலக்கு வந்தது ஜனவரி 28. அதிலிருந்து எட்டு வாரம், கல்யாணத்திலிருந்து ஆறு வாரம். இரண்டும் சரியே. லீவில் வந்துபோன தேதியை வைத்துக் கணக்குப் பார்க்கும் கணவன்மாருக்கும் இதுதான் பதில்.

பிரசவ தேதிக்கு, அந்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். ஜனவரி 28 என்றால் நவம்பர் 4. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். பாட்டிமார் சொல்லும் பத்து மாதக் கணக்கு ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதே தேதியில் பிறப்பது அபூர்வம். சில நாள் முன்பின் ஆகும்.

தலைக்குக் குளித்த நாளைச் சொல்லாதீர்கள், விலக்கான முதல் நாளைச் சொல்லுங்கள். தேதி நினைவில்லையா? அமாவாசை, திருவிழா, நாற்று நட்டது என்று எதையாவது ஒட்டிச் சொன்னாலும் போதும், செவிலியர் தேதியாக்கிக்கொள்வார். அடியோடு மறந்துபோச்சு, விலக்கு ஒழுங்கில்லை, பால் கொடுக்கும்போதே தரித்துவிட்டது என்றால் 14 வாரம் ஆவதற்குள் ஸ்கேன் எடுப்பது நல்லது. நாளாக ஆக ஸ்கேனில் வாரக் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. குழந்தை துடிப்பதை வைத்துச் சொல்வதோ வெறும் உத்தேசம்தான்.

37 வாரத்துக்கு முன்பே வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறித்த தேதி தாண்டியும் வலி வராவிட்டால், "தானா வரும்" என்று வீட்டில் காத்திராமல் அட்டையோடு போய்க் காட்டுங்கள். விலக்கு நாளைக் காலண்டரில் குறித்துவைக்கும் வேலையைக் கணவரே செய்யலாம், அதிலே வெட்கம் என்ன?