விஞ்ஞானக் கதைத் தொடர்களும் சுவைஞர் தொண்டும்

நூலொன்றைக் கற்றும் கூத்தொன்றைக் கண்டும் இன்புறுவோர் இரு திறத்தினர். கற்றதோடும் கண்டதோடும் அமைந்து தம் தொழிலுக்கு மீள்வோர் ஒரு திறத்தினர். ஏட்டில் முடிந்த கதை தம் உள்ளத்தே முடியாது நிற்க, 'இதன்மேல் என்னாயிற்று?' எனத் தம்மையே வினவி, அதற்கு விடையும் தாமே சமைக்க முற்படுவோர் மற்றொரு திறத்தினர். இவரை உலகம் ரசிகர் என்னும். யாம் சுவைஞர் என்போம். இன்னோர் தாமே நடித்துத் தாமே படம் பிடித்து ஊதியம் கருதாது வெளியிடும் விஞ்ஞானக் கதைத் தொடர்களைப் பற்றியும், அவற்றை விரும்பிக் காண்போரைப் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற கோடை விடுமுறையில் லால்பேட்டையிலுள்ள எம் வகுப்புத் தோழர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மாலையில் வீராணத்து ஏரிக்கரை மேல் உலாவினோம். நீர் ஒடுங்கியிருந்தமையின் கரையோரத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்நிலத்தையே செவ்வாய்க் கிரகமாகக் கொண்டு, தோழரின் தம்பியரும் அவர்தம் பள்ளி நண்பரும் கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். பிஸ்கட் டின்னும் சைக்கிள் விளக்கும் கொண்டு செய்த நாயொன்று அவர் நடுவே நின்றது. அது, சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் கதையிற் படைத்து 'மீண்டும் ஜீனோ' என்னும் கதையில் மறுபடியும் உலவவிட்ட இயந்திர நாயாகிய ஜீனோ. ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து அதன் கதையை நடத்திச் செல்வதே அச்சிறுவர் கருத்து.

கரைவழியே சென்ற உழவர் பெரியவர் ஒருவர் சற்றே நின்று, "இது யார் எழுதிய கதை, தம்பி?" என்றார். சிறுவர் உண்மையைக் கூறினர். அவர் நகைத்து, "அப்படியானால் பிறர் வயலில் நாற்று நடுகிறீர்கள். அறுப்பு யாருக்கு?" என்று கேட்டுப் போயினார். சிறுவர் முகம் வாடினர். அன்று மேற்கொண்டு படம் பிடித்திலர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மாலும் அப்பொழுது தக்க விடை கூறக் கூடவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதன் பயனாகும்.

முதற்கண் இவ்வகைத் தொடர்கள் மேனாட்டில் தோன்றி வளர்ந்தவாறு காண்பாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் தொடங்கிற்று. விண்மீன்களிடையே செல்லும் கப்பலொன்றின் கதை அது. இரண்டாம் ஆண்டிலேயே அதனை நிறுத்திவிடுவர் என்ற செய்தி பரவியது. காண்போர் வாளா இருந்தாரல்லர். பல்லாயிரம் கடிதங்கள் நிலையத்தார்பாற் சென்றன. 1968ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக மாணவர் ஊர்வலமாகச் சென்று முறையிட்டனர். தொடர் மேலும் ஓராண்டு நடந்து, 79 பகுதிகளோடு 1969இல் நின்றது. அதனைக் காத்தவர் கண்டு களித்தவரே என்பது இங்குக் கருதத்தக்கது.

காத்தவர் காலப்போக்கில் ஆக்குவோரும் ஆயினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சுவைஞர் சிலர் இல்லமொன்றினுள் பச்சைத் திரை கட்டி, அதன்முன் நடித்து, பின்புலத்தைக் கணிப்பொறியால் அமைத்து, 'ஹிடன் ஃப்ரான்டியர்' என்னும் தொடரை 2000ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை 50 பகுதிகளாக வெளியிட்டனர். எல்விஸ் பிரெஸ்லி போல் வேடம் புனைந்து பாடுதலைத் தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் காலி என்பார், நியூயார்க் மாநிலத்தில் பழைய தொடரின் கப்பல் அறைகளை அச்சொத்தவாறு கட்டி, 2004ஆம் ஆண்டு 'நியூ வாயேஜஸ்' என்னும் தொடரைத் தொடங்கினார். பழைய தொடரில் நடித்த வால்ட்டர் கோனிக் 2006ஆம் ஆண்டிலும், ஜார்ஜ் டக்கே 2007ஆம் ஆண்டிலும் இதில் வந்து தம் பழைய வேடங்களையே மீண்டும் தாங்கினர். டக்கே நடித்த பகுதி 2008ஆம் ஆண்டின் ஹியூகோ பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. பரிசு கிட்டவில்லையாயினும், பெருநிறுவனத்தார் ஆக்கங்களோடு சுவைஞர் ஆக்கமும் ஒரே பந்தியில் அமர்ந்ததே பெருமையன்றோ?

இங்கிலாந்து தேயத்தின் நிகழ்ச்சி இன்னும் வியப்புடையது. 1963ஆம் ஆண்டு பி.பி.சி. நிலையத்தார் 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானத் தொடரைத் தொடங்கினர். நாடாவின் விலையும் இடநெருக்கடியும் கருதி, பழைய பகுதிகள் பலவற்றை அவர்களே பின்னர் அழித்துவிட்டனர். ஆயினும், ஒளிபரப்பான நாளில் வீட்டிலிருந்து கண்ட இளைஞர் சிலர் ஒலிப்பதிவுக் கருவிகொண்டு உரையாடலைப் பதிந்து வைத்திருந்தனர். அழிந்த பகுதிகள் அனைத்திற்கும் இவ்வாறு ஒலி மட்டும் எஞ்சியது. பிற்காலத்துச் சுவைஞர், திரையிலிருந்து எடுத்த நிழற்படங்களை அவ்வொலியோடு இணைத்து, இழந்த பகுதிகளை ஒருவாறு மீட்டுத் தந்தனர். 2006ஆம் ஆண்டு 'தி இன்வேஷன்' என்னும் கதையின் அழிந்த இரு பகுதிகளை நிலையத்தாரே சித்திரப்படமாக வெளியிட்டபொழுது, வீட்டுப் பதிவொலியே அதற்கு உயிராயிற்று. 1989இல் நின்ற அத்தொடரை 2005இல் மீண்டும் எழுப்பிய ரஸ்ஸல் டி. டேவிஸ் என்பாரும், இளமை முதல் அதனைக் கண்டு வளர்ந்த சுவைஞரே.

இத்தொடர்களைக் காண்போர் எதனால் இன்புறுகின்றனர்? நடிப்பிற் பயிற்சியில்லை, பொருட்செலவு சிறிது, அட்டைச் சுவர் அட்டைச் சுவராகவே தோன்றும். ஆயினும் காண்போர் அமர்ந்து காண்கின்றனர். இதன் காரணத்தைத் தேடி நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்துக் காணும் கடலூர் மாவட்டத்துச் சிற்றூருக்குச் செல்லின் போதும். துச்சாதனன் துகிலுரியப் போகின்றான் என்பதைக் கூட்டத்துக் குழந்தையும் அறியும். அரசனாக வருபவர் நேற்று வரப்பு வெட்டியவர் என்பதையும் யாவரும் அறிவர். அறிந்தும் கண்ணீர் உகுக்கின்றனர். கதையின் புதுமையை அவர் நாடி வந்தாரல்லர். தமக்கு உரிய கதையைத் தம்முள் ஒருவர் ஏற்று நடத்தக் காண்பதே அவர் பெறும் இன்பம். சுவைஞர் தொடரைக் காண்போர் பெறுவதும் இவ்வின்பமே. குறையைத் தம் நினைவால் நிரப்பிக் காணும் கண்ணுக்கு அட்டைச் சுவர் தடையாவதில்லை.

இனி, பிறர் படைத்ததைத் தொடர்தல் களவாமோ என்னும் வினாவை ஆராய்வாம். நம் இலக்கண நூலார் இதனை அன்றே எண்ணிப் பார்த்துள்ளனர். தொல்காப்பியர் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்தார்; வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். நன்னூலார் சார்புநூல் என்னும் ஒன்றையும் சேர்த்து மூன்றாக்கினார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல். இதனை அவர் இழிவாகக் கருதினாரல்லர். நூல்வகையுள் ஒன்றாக வைத்து இலக்கணமும் வகுத்தனர்.

இலக்கியமும் இவ்வழியே நடந்தது. கோவலன் மகளின் பிற்கால வாழ்வைச் சாத்தனார் பாடியதால் சிலப்பதிகாரத்தோடு மணிமேகலை இரட்டைக் காப்பியமாயிற்று. கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்தினார். ஏழாவதாகிய உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பது வழக்கு. வில்லிபுத்தூரார் போரின் முடிவோடு நிறுத்திய பாரதத்தை, அவர் பாடல்களையும் உள்ளடக்கி விரித்து நிரப்பியவர் நல்லாப்பிள்ளை. இவரையெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்டவர் என்று யாரும் பழித்திலர்.

மீட்டல் என்னும் தொண்டிற்கோ, லால்பேட்டையைச் சூழ்ந்த நிலமே பிறந்தகமாகும். அணித்தேயுள்ள காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் தோன்றிய ஊர். திருவாய்மொழிப் பதிகம் ஒன்றைச் சிலர் பாடக் கேட்டு, அதன் இறுதிக் குறிப்பால் அஃது ஆயிரத்துள் ஒரு பத்து என்றறிந்து, எஞ்சியவற்றைத் தேடிச் சென்று நாலாயிரமும் பெற்று மீண்டார் என வைணவ மரபு கூறும். அவ்வட்டத்தைச் சார்ந்த திருநாரையூரிற் பிறந்த நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் தில்லைக் கோயிலின் அடைத்த அறையைத் திறப்பித்து, செல்லரித்தவை போக எஞ்சிய தேவார ஏடுகளைக் காத்தனர் எனச் சைவ மரபு கூறும். வழிபாட்டையும் பொழுதுபோக்கையும் ஒன்றெனக் கூறுதல் எம் கருத்தன்று. அவ்வாறு கூறின் இரண்டனையும் அறியாதவர் ஆவோம். கேட்டவன் காத்தாலன்றிப் பாடியவன் சொல் நில்லாது என்னும் உண்மை இரண்டிடத்தும் ஒன்றே என்பதே எம் கருத்து.

அவ்வேரிக்கு இன்னுமொரு சிறப்புண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்', ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் இவ்வேரிக்கரை மேல் குதிரையிற் செல்லும் காட்சியோடே தொடங்குகின்றது. கதை முடிந்தபின்னும் வாசகர் விட்டாரல்லர். அவர் எழுப்பிய வினாக்களுக்கு விடையாக ஆசிரியர் முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் புதினத்தால் அக்கதையைத் தொடர்ந்தார். கல்கியின் நூல்களை 1999ஆம் ஆண்டு தமிழக அரசு நாட்டுடைமையாக்கிற்று. ஆதலின் இன்று அக்கதையை யாரும் நாடகமாக்கலாம், சித்திரமாக்கலாம், தொடரலாம்.

எல்லாக் கதைக்கும் இந்நிலை வாய்த்திலது. 'ஆக்ஸனார்' என்னும் ஸ்டார் ட்ரெக் சுவைஞர் படத்திற்காகப் பொதுமக்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2015ஆம் ஆண்டு திசம்பரில் உரிமையுடைய நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தனர். 2017ஆம் ஆண்டு சனவரியில் அது உடன்பாட்டில் முடிந்தது. இடையே, 2016ஆம் ஆண்டு சூனில் நிறுவனத்தார் சுவைஞர் படங்களுக்கு விதிகள் வகுத்தனர். ஒரு படம் 15 நிமிடத்திற்கு மேற்படலாகாது. இரு பகுதியாயின் 30 நிமிடம். திரட்டும் பொருள் 50,000 டாலரைக் கடத்தலாகாது. தொடர்ந்து பல பகுதிகளாக எடுத்தலும் ஆகாது. ஐம்பது பகுதி நடந்த தொடர் போல்வது இனி அவ்விதிக்குள் அடங்காது. 'ஸ்டார் ட்ரெக் கன்டினியூஸ்' என்னும் நல்ல தொடரும் 2017ஆம் ஆண்டு 11ஆம் பகுதியோடு முடிந்தது.

விதி கடிது எனச் சுவைஞர் வருந்தினர். அவர் வருத்தம் நேரியதே. ஆயினும் ஒன்று மறத்தற்பாலதன்று. படைத்தவன் உழைப்பு அவன் வாழ்வுக்கு உரியது. அன்பின் பெயரால் பெரும்பொருள் திரளத் தொடங்கும்பொழுது, அன்பு எங்கே முடிந்து வாணிகம் எங்கே தொடங்கியது எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. நம் நாட்டுச் சட்டமும் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமையைக் காக்கின்றது. சுஜாதா மறைந்தது 2008ஆம் ஆண்டு. எனவே ஜீனோ 2068ஆம் ஆண்டு இறுதி வரை உரிமையாளரின் காவலில் இருக்கும்.

இனி ஏரிக்கரைப் பெரியவர்க்கு விடை கூறுவாம். 'ஐயா, தாங்கள் வயலை உவமை காட்டினீர்கள். வயல் ஒருவர்க்கே உரியது. தங்கள் கூற்று அதற்குப் பொருந்தும். கதையோ, தாங்கள் நின்ற கரையை உடைய ஏரி போல்வது. சோழர் காலத்தில் வெட்டிய அவ்வேரி இன்றளவும் நிற்பது வெட்டியவரால் மட்டுமன்று. அதன் நீரைக் கொண்டோர் தலைமுறைதோறும் கரையை அடைத்து, வாய்க்காலைத் தூர்வாரி வந்தமையாலன்றோ? அதற்குக் குடிமராமத்து என்று தங்கள் முன்னோரே பெயரிட்டனர். மண் சுமந்தவன் ஏரி எனதென்று கூறான். மதகின் முறையையும் மீறான். அவன் பெறும் அறுப்பு, ஏரி அழியாது நிற்றலே.'

அச்சிறுவர்க்கும் ஒரு சொல் உரியது. முதலாசிரியர் பெயரை முதலிற் கூறுக. அதனாற் பொருளீட்டக் கருதற்க. உலகறிய வெளியிட விரும்பின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டிக் கடிதம் எழுதுக. அனுமதி கிட்டாதாயின் சோர்வடையற்க. வந்தியத்தேவன் உங்கள் கரைமேலேயே நிற்கின்றான். அவனை விண்கலத்தில் ஏற்றினும் தடுப்பார் இல்லை. அன்றி, அந்த டின் நாய்க்கு வேறு பெயரும் வேறு குணமும் தந்து நடத்துக. வழிநூலிற் பழகிய கையே பின்னர் முதல்நூல் செய்யும்.

யாம் இதனை எழுதி முடித்ததும் தோழர்பாற் காட்டினோம். அவர் படித்துவிட்டு, தம்பியர்க்கு அனுப்புவதாகக் கூறினார். ஏரிக்கு மீண்டும் நீர் வந்துவிட்டதென்றும், செவ்வாய்க் கிரகம் மூழ்கிவிட்டதென்றும், இனி அவர்கள் கடல் சூழ்ந்த வேறொரு கிரகத்தைத் தேட வேண்டியிருக்குமென்றும் சொல்லி நகைத்தார். தேடட்டும், காண யாம் காத்திருக்கின்றோம்.